மரவட்டைத் தொட்டியில் சிக்கலா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மரவட்டை ஒழுங்காக இல்லை என்று பட்டதும் பலரும் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அது கிடக்கும் மண்ணை. வெப்பமண்டல மரவட்டைக்கு மண்தான் சாப்பாடு, மண்தான் தண்ணீர், சட்டை உரிக்கும் அறை, முட்டையிடும் இடம். மேலே வைக்கும் வெள்ளரித் துண்டு வெறும் தொடுகறி. கீழே சொல்லும் அறிகுறிகளில் முக்கால்வாசி கடைசியில் மண்ணில் போய்த்தான் நிற்கும்.

கீழே வரும் அளவுகள் ஆர்ச்சிஸ்பைரோஸ்ட்ரெப்டஸ் கைகாஸ் எனப்படும் ஆப்பிரிக்க ராட்சத மரவட்டை, டிரிகோனியுலஸ் கோராலினஸ் எனப்படும் செம்மரவட்டை போன்ற உருளை வடிவ இனங்களுக்குப் பொருந்தும். பந்தாகச் சுருளும் பெரிய இனங்களின் தேவை வேறு; அவற்றுக்கு இதை அப்படியே போடாதீர்கள்.

இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியும்வரை மண்ணைக் கிளறக் கூடாது, ஏனென்றால் உள்ளே ஏதாவது ஒன்று சட்டை உரித்துக்கொண்டிருக்கலாம். அடுத்தது, ஒரே நாளில் ஈரம், வெப்பம், மண் எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போகும். விஷம் பட்டது என்ற சந்தேகம் வந்தால் மட்டும் இந்த இரண்டையும் மீறலாம்.

## முதல் வேலை: மண் சோதனை

தொட்டியின் ஒரு மூலையில், 5 செ.மீ. ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். கையைத் திறந்தால் உருண்டை அப்படியே நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளிக்கு மேல் வரக் கூடாது. உதிர்ந்தால் வறட்சி, ஒழுகினால் அளவு மீறிய ஈரம்.

அதே மண்ணை முகர்ந்து பாருங்கள். மழைக்குப் பிந்தைய காட்டு மண் வாசம் இருந்தால் நல்லது. புளிப்பு, அழுகிய முட்டை, மூக்கைக் குத்தும் அம்மோனியா ஆகிய மூன்றும் ஆகாது.

பிறகு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். இலைத் துணுக்குகளும் நார்நாரான மரத்துண்டுகளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே அளவில் உருண்டு திரண்ட குறுணைகள் மட்டும் தெரிந்தால் அது மரவட்டையின் எச்சம். பாதிக்கு மேல் குறுணை என்றால் தொட்டியில் உணவு தீர்ந்துவிட்டது, மேலே எவ்வளவு காய் வைத்தாலும் சரி.

கடைசியாக, கம்பி முனை உள்ள வெப்பமானியை மண்ணுக்குள் செருகிப் பாருங்கள். 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலான இனங்களுக்குச் சரி. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து.

## மேலேயே சுற்றுகிறது, சுவர் ஏறுகிறது, மண்ணுக்குள் போவதே இல்லை

புதிதாக வந்தது என்றால் ஒரு வாரம் பொறுங்கள். இடம் பழகும் அலைச்சலாக இருக்கலாம். முதிர்ந்த ஆண்களும் துணை தேடி இரவெல்லாம் நடக்கும். ஆனால் பகலிலும், தொட்டியில் இருக்கும் எல்லாமும் சேர்ந்து மேலே வந்து நின்றால் அவை மண்ணை விட்டு ஓடப் பார்க்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

அடிக்கடி மாட்டும் குற்றவாளி தென்னை நார்த்தூள். பார்க்க மண் மாதிரி இருக்கும், ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், சத்து என்று சொல்ல எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் அதையே தின்று வயிறு அடைத்துக்கொள்ளும் விலங்குகளும் உண்டு. சதுப்பு நிலத்தில் எடுக்கும் பீட் பாசியும் இதே ரகம்தான், போதாததற்கு அமிலத்தன்மை வேறு. இரண்டில் ஒன்று தொட்டியின் பாதியை நிரப்பியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம், கலவையை மாற்றுங்கள்.

நம்பிப் போடக்கூடிய கலவை இது: கையால் நொறுக்கிய மக்கிய இலை 4 பங்கு, மக்கிய மரம் 3 பங்கு, உரம் கலக்காத மண் 2 பங்கு. ஒவ்வொரு 10 லிட்டர் கலவைக்கும் 100 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் அல்லது பொடித்த கணவாய் ஓடு. நீற்றிய சுண்ணாம்பைத் தவறியும் போடாதீர்கள், அது காரம். வயிற்றையும் காலையும் புண்ணாக்கும். ஆழம் குறைந்தது விலங்கின் உடல் நீளம் இருக்க வேண்டும். 20 செ.மீ. மரவட்டைக்கு 20 செ.மீ. மண்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பூஞ்சை தாக்கி வெளுத்து, நகத்தால் அழுத்தினால் நார்நாராகப் பிரிந்து ஈரப் பஞ்சுபோல் நசுங்கும் கட்டை சிறந்தது. அதில் மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் கரைந்து, நார்ப்பொருளான செல்லுலோஸ் மிஞ்சியிருக்கும், மரவட்டைக்கு வேண்டியது அதுதான். பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் தூளாகும் கட்டையில் செல்லுலோஸ் போய்விட்டது; அதில் வயிறு நிறையாது. பைன், தேவதாரு போன்ற பிசின் மரங்கள் கூடாது. இலையில் ஓக், பீச், மேப்பிள், நாட்டு வாதுமை எல்லாம் நல்லவை. தைலமரம், கற்பூரமரம், வேம்பு ஆகியவற்றை ஒதுக்குங்கள். பூச்சிகளின் சட்டை உரிப்பையே குலைக்கும் பொருள் வேம்பில் இருக்கிறது.

கலவை சரியாக இருந்தும் மேலே வருகிறது என்றால் கையை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அறையைவிட மண் சூடாக இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் போட்ட மரத்தூள் இன்னும் நொதித்து முடியவில்லை. தவிடு சேர்த்துப் புளிக்கவைத்த தூள் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் கக்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறி, சூடும் புளிப்பு வாசமும் முழுதாக அடங்கிய பிறகே தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மாதம் பிடிக்கும்.

ஹீட் மேட் எனும் சூடேற்றும் விரிப்பைத் தொட்டிக்கு அடியில் வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். சூட்டிலிருந்து தப்ப மரவட்டை கீழே தோண்டும். கீழேதான் சூடே இருக்கிறது. விரிப்பைப் பக்கவாட்டில், மண் மட்டத்துக்கு மேலே ஒட்டி, தெர்மோஸ்டாட்டில் 26 டிகிரியில் நிறுத்துங்கள்.

## நடை தடுமாறுகிறது, உடல் முறுக்கிக்கொள்கிறது, கால்கள் நடுங்குகின்றன

இது அவசரம். கால்கள் அலையலையாக ஒத்து நகர்வதுதான் இயல்பு. அந்த ஒழுங்கு கலைந்து, பல விலங்குகள் ஒரே சமயத்தில் நெளிந்தால் பூச்சிக்கொல்லி. கடந்த மூன்று நாளில் என்ன புதிதாக வந்தது என்று யோசியுங்கள்: மருந்து அடித்த இடத்து இலை, கழுவாத காய், அறையில் அடித்த ஸ்ப்ரே, கொசுவிரட்டி மருந்து, நாய் பூனைக்கு விட்ட உண்ணி மருந்து பட்ட கை.

எல்லாவற்றையும் உடனே எடுத்து, ஈரமான மணமற்ற காகிதத் துண்டு விரித்த டப்பாவுக்கு மாற்றுங்கள். டப்பாவை வேறு அறையில் வையுங்கள். பழைய மண்ணில் ஒரு கைப்பிடிகூட மிச்சம் பிடிக்க வேண்டாம். தொட்டியை வெறும் வெந்நீரில் பலமுறை கழுவுங்கள். பிழைப்பவை இரண்டொரு நாளில் நிதானத்துக்கு வரும். இதற்காகவே நல்ல கலவையில் ஒரு வாளி எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

## துவண்டு கிடக்கிறது, தொட்டால் சுருளவில்லை

நல்ல மரவட்டையைத் தொட்டால் தலையை உள்ளே வைத்துத் தட்டையான சுருளாக இறுகும். இறுக்கம் தளர்ந்து, பாதி சுருண்டு, கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருந்தால் நீர் வற்றியிருக்கிறது. பூச்சிகளுக்கு உள்ளது போன்ற மெழுகுக் காப்பு மரவட்டை ஓட்டில் பெரும்பாலும் கிடையாது. காய்ந்த காற்றில் சில மணி நேரத்திலேயே நீர் போகும்.

மூடியுள்ள சிறு டப்பாவில் ஈரப் பாசியோ காகிதத் துண்டோ போட்டு, அதன்மேல் விடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளரித் துண்டு. டப்பா 24 டிகிரி அளவில், இருட்டில் இருக்கட்டும். தண்ணீரில் முக்க வேண்டாம். மூச்சுத் துளைகள் வயிற்றுப்பக்கம், கால்களின் அடியில் இருக்கின்றன. தலைக்கருகே ஒரு சொட்டு நீர் வைத்தால் குடிக்கத் தெம்பிருக்கும் விலங்கு வாயசைத்துக் குடிப்பதைப் பார்க்கலாம். ஒரு நாளில் சுருளும் பலம் வந்தால் பழைய தொட்டிக்கு விடலாம், அதற்குள் அங்கே ஈரத்தைச் சரி செய்திருக்க வேண்டும்: மேலே தெளிப்பதோடு நிறுத்தாமல், ஒரு மூலையில் மெதுவாக ஊற்றி அடிமண் வரை நனையுங்கள். எதிர்மூலை சற்றே காய்ந்து கிடக்கட்டும். ஈரத்தை விலங்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

மண் சோதனை எல்லாவற்றிலும் தேறியும் ஒரே ஒரு பெரிய விலங்கு மட்டும் தளர்கிறது, அதுவும் காட்டிலிருந்து பிடித்து வந்த முழு வளர்ச்சி பெற்றது என்றால், அதன் ஆயுள் முடிந்திருக்கலாம். வாங்கும்போதே வயது தெரியாது. அதைத் தொந்தரவு செய்யாமல் ஈரமான மூலையில் விடுவதே நாம் செய்யக்கூடியது.

## மாதக்கணக்கில் கண்ணில் படவில்லை

இந்த ஒரு அறிகுறிக்குப் பயந்து மண்ணைத் தோண்டுவதால் தொட்டிகளில் மரவட்டைகள் சாவதுண்டு. சிறியவை ஒன்றிரண்டு வாரத்தில் சட்டை உரித்து வெளியே வந்துவிடும். பெரிய இனங்கள் இரண்டு மூன்று மாதம்கூட உள்ளேயே கிடக்கும்.

போவதற்கு முன் சாப்பாடு குறையும், நடை மந்தமாகும். உடல் புடைத்து நீண்டு, வளையங்களுக்கு நடுவே வெளிறிய தோல் கோடு கோடாகத் தெரியும். நீர் வற்றினாலும் வளைய இடைவெளி வித்தியாசமாகத் தெரியலாம். எடைதான் வேறுபாட்டைக் காட்டும்: சட்டை உரிக்கப்போவது கனமாக, இறுக்கமாக இருக்கும், வற்றியது இலேசாக இருக்கும். 0.1 கிராம் காட்டும் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பது இதற்கு மிகவும் உதவும்.

உள்ளே அது மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, வழவழப்பான சுவருள்ள ஒரு அறை கட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஒட்டி அறை அமைந்தால் டார்ச் வெளிச்சத்தில் தெரியும்: சுருண்ட உடல், தந்த வெள்ளை நிறம், அசையாத கால்கள், அருகே உரிந்து கிடக்கும் ஓடு. அந்த ஓட்டை எடுத்துவிடாதீர்கள். புது ஓடு கெட்டிப்பட வேண்டிய கால்சியத்துக்காக அதைத்தான் முதலில் தின்னும். அந்தப் பக்கக் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஈரத்தை மட்டும் காத்துவந்தால் போதும்.

செத்துப்போயிருக்குமோ என்ற சந்தேகத்தை மூக்கு தீர்க்கும். பெரிய மரவட்டை மண்ணுக்குள் செத்தால் சில நாளில் தொட்டியைத் திறந்ததுமே நாற்றம் அடிக்கும். நாற்றம் இல்லாதவரை பொறுங்கள்.

தவறி அறையை உடைத்துவிட்டால்: உடலைத் தொட வேண்டாம், தொட்டால் மெல்லிய தோல் கிழியும். சுற்றியுள்ள மண்ணோடு ஒரு பெரிய கரண்டியால் அப்படியே அள்ளுங்கள். சிறு டப்பாவில் அதே தொட்டி மண்ணை 5 செ.மீ. அழுத்திப் போட்டு, நடுவில் விரலால் ஒரு குழி செய்து அதில் இறக்குங்கள். மேலே மண் கொட்டாமல் ஒரு மரப்பட்டைத் துண்டைக் கூரையாக வையுங்கள். உரிந்த ஓட்டையும் பக்கத்திலேயே வையுங்கள். இருட்டு, அசையாத இடம், நிலையான ஈரம். நிறம் ஏறித் தானாக நடந்து வெளியே வரும்வரை மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும்.

ஐசோபாட் எனும் சிறு ஓட்டுயிரிகளைத் துப்புரவுக்காகச் சேர்த்தவர்கள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். போர்செல்லியோ லேவிஸ் போலப் புரதப் பசி கொண்ட இனங்கள் சட்டை உரித்து மென்மையாகக் கிடக்கும் மரவட்டையைக் கடிக்கும். முதுகிலும் காலடியிலும் சிறு கடிகாயங்கள் தெரிந்தால் ஐசோபாட்களை வெளியேற்றுங்கள். ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் நுண்ணுயிரினங்கள் அந்தத் தொல்லை தருவதில்லை. துப்புரவுக்கு அவையே போதும்.

## கால் நுனி கறுக்கிறது, கால்கள் உதிர்கின்றன, ஓட்டில் கறுப்புத் தழும்பு

காய்ந்து, விளிம்பு தெளிவாக, வாரங்களாக அதே அளவில் நிற்கும் கறுப்பு ஆறிய காயம். இழந்த காலும் அடுத்தடுத்த சட்டை உரிப்பில் மெல்ல வளரும். பயப்பட வேண்டாம். ஒரு நுனியில் தொடங்கிப் பக்கத்துக் கால்களுக்குப் பரவும், ஈரமாகப் பளபளக்கும் கறுப்புதான் தொற்று. ஒரே கோணத்தில் வாரம் ஒரு படம் எடுத்தால் பரவுகிறதா என்று உறுதியாகத் தெரியும்.

தொற்றுக்குப் பின்னால் அனேகமாகச் சதசதவென்ற மண்ணும் காற்றோட்டமின்மையும் இருக்கும். விலங்கைத் தனியே, பிழிந்தால் நீர் வராத அளவு ஈரமுள்ள புது மண்ணுக்கு மாற்றுங்கள். பழைய தொட்டியில் எதிரெதிர் பக்கங்களில், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும், 2 மி.மீ. துளைகள் இரண்டு வரிசை போடுங்கள். குட்டிகள் இருந்தால் துளைகளுக்கு மெல்லிய எஃகு வலை ஒட்டுங்கள். மேலே மட்டும் துளை இருந்தால் ஈரக்காற்று அடியிலேயே தேங்கும்.

கீழே விழுந்து ஓடு வெடித்து நீர் கசிந்தால் சுத்தமான காகிதத் துண்டால் மெல்ல ஒற்றி, கசிவின்மேல் சோளமாவைத் தூவி உறையவிடுங்கள். காய்ந்த டப்பாவில் சில மணி நேரம் வைத்துப் பிறகு ஈரத்துக்கு மாற்றலாம். மண் மட்டத்திலிருந்து மூடி வரை விலங்கின் நீளத்துக்கு மேல் உயரம் விடாமலிருந்தால் இந்த விபத்தே பெரும்பாலும் நடக்காது.

## உடம்பில் சிற்றுண்ணிகள்

ஆப்பிரிக்க ராட்சத மரவட்டைகளின் கால்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் வேகமாக ஓடும் உண்ணிகள் பலவும் கூடவே வாழ்பவை. விலங்கின்மேல் ஒட்டும் மிச்சமீதியைத் தின்று காலம் தள்ளும். அவற்றை விட்டுவிடலாம்.

உணவின்மீதும் மூடியிலும் வெள்ளைத் தூசியாகக் குவிந்து மெதுவாக ஊருபவை வேறு. அவை மிச்ச உணவும் ஈரமும் பெருகியதால் பெருகியவை. காயையும் புரதத்தையும் இரண்டு வாரம் அடியோடு நிறுத்துங்கள், மண்ணும் இலையும் போதும். மாலையில் ஒரு வெள்ளரித் துண்டை வைத்து, காலையில் அதில் மொய்த்திருக்கும் உண்ணிகளோடு எடுத்துக் கொட்டுங்கள். மண்ணின் மேல் 2 செ.மீ. சற்றுக் காயட்டும். ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ் எனும் வேட்டையாடும் உண்ணியை விடலாம். அது ஸ்பிரிங்டெயில்களையும் தின்னும் என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள். தலையும் வாயும் மூடும் அளவுக்கு ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்தூரிகையால் துடைத்து விடுங்கள். உண்ணிக்கொல்லி மருந்து எதுவும் ஆகாது, மரவட்டைக்கும் அது நஞ்சே.

உணவு வைப்பது வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். 24 மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். செதில் வடிவில் விற்கும் மீன் தீனி பத்து நாளுக்கு ஒரு சிட்டிகை.

## வெள்ளைப் பூஞ்சை, சிறு ஈக்கள்

புது மரத்தில் படரும் வெள்ளைப் பூஞ்சை கெடுதல் இல்லை, இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். சிறு கறுப்பு ஈக்கள் மேல்மண் எப்போதும் நனைந்திருப்பதைச் சொல்கின்றன. மஞ்சள் ஒட்டு அட்டையைத் தொட்டிக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் மரவட்டை ஒட்டிக்கொண்டு கால்களை இழக்கும்.

## அடிமண் கறுத்து அழுகல் நாற்றம்

தண்ணீர் கீழே தேங்கி, காற்றுப் போகாமல் மண் புழுங்கியிருக்கிறது. சட்டை உரிக்க இறங்கும் விலங்கு இங்கேதான் மூச்சுமுட்டும், அதனால் இதை நாள் தள்ளக் கூடாது. மண்ணை ஒரு பக்கத்திலிருந்து கையால், ஒரு விரல் தடிமன் அடுக்காக எடுத்துக்கொண்டே வாருங்கள். அறை தட்டுப்பட்டால் மேலே சொன்னபடி மண்ணோடு அள்ளித் தனியே வையுங்கள். கறுத்த மண்ணைக் கொட்டிவிட்டு, மேல்மண்ணைப் பாதுகாத்துத் திருப்பிப் போட்டு, குறைந்துபோன அளவுக்குப் புதுக் கலவை சேருங்கள். பிறகு ஒரு வாரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

## முட்டையே இல்லை, அல்லது குட்டிகள் 1 செ.மீ. ஆனதும் மறைகின்றன

முதலில் சோடி சரிதானா என்று பாருங்கள். கண்ணாடியில் நடக்கவிட்டு அடியிலிருந்து பார்த்தால், முதிர்ந்த ஆணின் ஏழாவது வளையத்தில் கால்கள் இல்லாமல் ஓர் இடைவெளி தெரியும். இனப்பெருக்க உறுப்பு அங்கே உள்ளடங்கியிருக்கிறது. பெண்ணுக்குக் கால் வரிசை அந்த இடத்தில் விடுபடாது.

சோடி இருந்தும் முட்டை இல்லையென்றால் மண்ணின் ஆழத்தையும் கால்சியத்தையும் கவனியுங்கள். பல இனங்கள் ஒவ்வொரு முட்டையையும் எச்சக் குழைவில் பொதிந்து சிறு உருண்டையாக்கி வைக்கும். மண்ணை மாற்றும்போது கெட்டியான, வழவழப்பான உருண்டை கிடைத்தால் வீசிவிடாதீர்கள். வெப்பத்தையும் இனத்தையும் பொறுத்துப் பொரிய சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும்.

பொரிந்து வருபவை மூன்று சோடிக் கால்களோடு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் வளையங்களும் கால்களும் கூடும். மக்கிய மரத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களைப் பெரியவற்றின் எச்சத்தைத் தின்றுதான் பெறுகின்றன. தொட்டியை ‘சுத்தமாக’ வைக்கிறோம் என்று முழு மண்ணையும் மாற்றியவர்களின் குட்டிகள் இதனால்தான் நிலைப்பதில்லை. விஷம் பட்ட மண்ணைத் தவிர, மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு பழைய மண் கட்டாயம் திரும்பப் போக வேண்டும்.

நன்றாகப் பொரிந்து, 1 செ.மீ. வரை வளர்ந்து, பிறகு எண்ணிக்கை சரிந்தால் உணவு தீர்ந்துவிட்டது. பெரியவை மேலே வந்து காய் தின்று சமாளிக்கும், குட்டிகள் மண்ணுக்குள்ளேயே பட்டினி கிடக்கும். குட்டிகளை மண்ணோடு தனி டப்பாவுக்கு மாற்றி, 10 செ.மீ. ஆழத்தில் பொடியாக நொறுக்கிய இலையும் விரலால் உதிர்த்த மக்கிய மரமும் நிரப்புங்கள். மாதம் ஒரு கைப்பிடி இலை சேருங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மூலையிலிருந்து மண் எடுத்துத் தாளில் பரப்பி, குறுணை பாதியைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் மேலிருந்து பாதி மண்ணை எடுத்துச் சலிக்காமல் வேறொரு டப்பாவில் இரண்டு மாதம் ஈரமாகவே வைத்திருங்கள். கண்ணுக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து குட்டிகள் அதில் வெளிவரும்.